சிரிப்பு வில்லை

கார் விபத்தில் தலையில் அடிபட்ட நாளிலிருந்து சங்கரபாண்டி சுவரையே வெறித்துக்கொண்டு கிடந்தான். ஆஸ்பத்திரியில் அவன் காதுக்குப் பின்னால் ஒரு வில்லையை ஒட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவி உலகம்மை செல்போனைத் தட்டினால் அவன் முகம் சிரிக்கும். உள்ளே புழுங்குவது உள்ளேயே கிடக்கும். அதைப் பற்றி எவனுக்குக் கவலை?

ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக நலம் விசாரிக்க வந்த அவளுடைய மாமாவுக்காக இன்றும் தட்டினாள். வழக்கம்போல அவன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"மாப்ள முன்னவிட ஜோரா இருக்காருல்லா!"

அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். கண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது.

"சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணியே வந்துட்டு பாரு!" என்று மாமா காப்பியை உறிஞ்சினார். பிணத்துக்குப் பவுடர் பூசி விருந்தில் உட்காரவைத்ததுபோல இருந்தது உலகம்மைக்கு.

மாமாவை அனுப்பிவிட்டு வந்து செல்போனைத் தட்டினாள். சிரிப்பு அணைந்து அவன் முகம் தொங்கியது. அறைவாசலில் நின்றபடியே, "இந்தக் கண்றாவியப் பிச்சு எறிஞ்சுரலாங்க" என்றாள்.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வேண்டாம் உலகு. நான் சிரிக்கும்போதுதான் நீயும் பக்கத்துல வந்து உக்காருத."