முதல் தண்ணீர்

அடுப்படி ஜன்னல் வெயில் தொட்டித் தண்ணீரில் பட்டுக் கூரையில் நடுங்குகிறது. குழாய் முழு வீச்சில் ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுத்துப்போக வந்தவள், காலி பாட்டிலோடு நிலைப்படியிலேயே நின்றுவிடுகிறாள். "வாங்கக்கா, நீங்க வர்றீங்கன்னு எழுந்ததுலேர்ந்து திறந்துவிட்டிருக்கேன். பளிங்கு மாதிரி வருது பாருங்க," என்கிறாள் வீட்டுக்காரி. "நான் வர்ற வரைக்கும் திறக்காதேன்னு சொன்னேனேம்மா." "போங்கக்கா, வந்தவங்களுக்குப் பழைய தண்ணியவா குடுப்பேன்?" மாநில விதிக்கு இந்த ஓடும் தண்ணீரே போதும்; பிடித்துக்கொண்டு போனால் தெருவே பரிசோதனையில் தேறிவிடும். மத்திய விதி கேட்பது, ராத்திரி முழுக்கப் பழைய ஈயக் குழாய்க்குள் அசையாமல் கிடந்த முதல் தண்ணீரை. பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும் ஈயம் கரைந்து இறங்குவது அதில்தான். வந்தவள் பாட்டிலை நிரப்பாமல் குழாயை மூடுகிறாள். சுவருக்குள் எங்கோ ஒரு முனகல் எழுந்து அடங்குகிறது. "நாளைக்குக் காலையில மறுபடி வர்றேன், யாரும் குழாயைத் தொடக்கூடாது. இன்னைக்கு முதல்ல வந்த தண்ணி எங்கே?" "அதை வீணாக்குவேனா? பாப்பாவுக்குப் பிடிச்சுக் குடுத்தேன்." மேசைக்கடியில், மஞ்சள் டம்ளரை இரண்டு கையாலும் அணைத்தபடி குழந்தை சப்புக்கொட்டிக் குடித்துக்கொண்டிருக்கிறது. வந்தவள் மண்டியிட்டுக் கையை நீட்டுகிறாள். "கண்ணு, அதை அத்தைகிட்டக் குடுத்துடு." குழந்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு மிச்சத்தை ஒரே மடக்கில் விழுங்குகிறது, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டிச் சிரிக்கிறது. "பங்கு கேட்டா அவகிட்ட நடக்காது," என்று தாயும் சிரிக்கிறாள். "தினமும் முதல் டம்ளர் அவளுக்குத்தான்க்கா."