துரை கிரிவலம் போன நாள்

தியாகி சுப்பனுக்காக எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். பள்ளி வரவேற்பறைச் சுவரில், மாலை போட்ட படத்துக்குள் சுப்பன் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். வேலை கேட்டு வந்திருந்த பன்னிரண்டு பேரில் விமல்ராஜ் மட்டும் படத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நின்றான்.

துக்கத்தால் அல்ல. சுப்பன் என்று ஒருவர் பிறக்கவே இல்லை. அவரைப் பெற்றவன் விமல்ராஜ்தான்.

தெரு வாட்ஸ்அப் குழுவில் தினமும் 'வரலாற்றில் இன்று' போடுவது அவன் வழக்கம். போன வருடம் ஜூலை ஒன்பதாம் தேதி தேடித் தேடிப் பார்த்தும், எங்கோ கடல் தாண்டி எந்த ராஜாவோ முடிசூட்டிக்கொண்டதுதான் கிடைத்தது. எல்லாமே சீமையில்தான் நடக்க வேண்டுமா, நம்ம ஊருக்கு ஒரு நாள்கூடக் கிடையாதா என்று அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

'1858, ஜூலை 9: வரி கேட்டு வந்த வெள்ளைக்காரத் துரையின் குதிரையைப் பிடுங்கிக்கொண்டு, அவரைச் செருப்பில்லாமல் கிரிவலம் நடக்க வைத்தார் அடி அண்ணாமலை விவசாயி சுப்பன்' என்று தட்டிவிட்டான்.

மாலைக்குள் அதே செய்தி நாலு பேரிடமிருந்து அவனுக்கே திரும்பி வந்தது. யார் எழுதியது என்பது மட்டும் வழியில் எங்கேயோ உதிர்ந்துபோயிருந்தது. ஆறே மாதத்தில் கிரிவலப் பாதையில் ஃப்ளெக்ஸ், பேச்சுப் போட்டி, சிலை வைக்கச் சொல்லி மனு என்று சுப்பன் எங்கேயோ போய்விட்டார்.

இன்று அதே ஜூலை ஒன்பது. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் உள்ள இந்தத் தனியார் பள்ளியில் வரலாற்று ஆசிரியர் வேலைக்கு நேர்முகம். வேலை கிடைத்தால் ஆவணியில் ஓவியாவோடு கல்யாணம். கிடைக்காவிட்டால் அவள் அப்பா வேறு இடம் பார்த்துவிடுவார்.

வேலை கேட்டு வந்தவர்களில் ஒருவனான முருகவேல் உள்ளே போய் இரண்டே நிமிடத்தில் வெளியே வந்தான். விமல்ராஜ் அவனை மறித்தான்.

"இன்னா கேட்டாங்க பாஸ்?"

"ஒரே கேள்விதான்பா. சுப்பனைப் பத்தி சொல்லுன்னாரு. குதிரை கலரு வரைக்கும் சொன்னேன். 'ரொம்ப சந்தோஷம், போய்ட்டு வாங்க'ன்னுட்டாரு."

"குதிரை இன்னா கலரு?"

"வெள்ளை. துரையோட குதிரை வேற இன்னா கலர்ல இருக்கும்?"

முருகவேலுக்கு முன்னால் போனவள் சுப்பன் மேல் பாட்டே கட்டிப் பாடியிருந்தாள். அவளுக்கும் அதே சந்தோஷம், அதே போய்ட்டு வாங்க.

கடைசியாக விமல்ராஜைக் கூப்பிட்டார்கள். தாளாளர் சகாதேவன் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு இன்னா நாளு தம்பி?"

"சுப்பன் துரையை நடக்க வச்ச நாளுன்னு சொல்றாங்க சார்."

"சொல்றாங்கன்னா? நடந்துச்சா, இல்லியா?"

நடந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள், நாற்பது பிள்ளைகள் தலையைக் குனிந்து சுப்பன் பிறந்த வருடத்தை நோட்டில் எழுதுவது கண்ணுக்குள் வந்தது. அதை அவன்தான் கரும்பலகையில் எழுதிப் போட வேண்டும்.

"நடக்கல சார்."

"ஊரே சொல்லுது. உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"அதை எழுதினதே நான்தான் சார். சும்மா எழுதிட்டேன்."

சகாதேவன் எழுந்தார். நேராகப் போய்க் கதவைத் தாழிட்டார். ஓவியாவுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு விமல்ராஜ் ஃபைலை எடுத்துக்கொண்டான்.

"மன்னிச்சிடுங்க சார். கெளம்பறேன்."

"எங்கய்யா போற? ஒரு வருசமா உன்னைத்தான் தேடறேன்! எல்லாரும் சுப்பனைக் கும்புடுவாங்க. பொய்னு தைரியமா சொல்றவன் அதை எழுதினவனாத்தான் இருப்பான்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் இந்த இன்டர்வியூவே."

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கவரை எடுத்து அவன் முன்னால் வைத்தார். உள்ளே வேலை உத்தரவு கையெழுத்தோடு இருந்தது. பெயர் எழுதும் இடம் மட்டும் காலி. நாற்காலியை அவன் பக்கம் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அடுத்த மாசம் நம்ம ரோட்டுக்குப் பேரு வைக்கப் போறாங்க. எங்க தாத்தா அந்தக் காலத்துல துரைக்குக் குடை புடிச்சவரு."

"அதுக்கு நான் என்ன சார் பண்ணணும்?"

"அவருக்கும் ஒரு நல்ல நாளா பாத்து எழுதுப்பா."