பாதாம் பருப்பு அளவில்

மேல்மாடி யதுஷாவுக்கு மூளையில் பழுது என்று நான் கண்டுபிடித்தது ஒரு சனிக்கிழமை, பாரை மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது.

என் மகள் நிருஷா பல்கலைக்கழகத்தில் மனம், மூளை என்று ஏதோ படிக்கிறாள். திங்கட்கிழமை வகுப்பில் பேசவேண்டியதை எனக்கு முன்னால் பேசிப் பார்த்தாள். பெண்களில் சைக்கோபதி. இரக்கம், குற்றவுணர்வு எதுவும் ஒட்டாத மனமாம். மூளைக்குள் பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒரு துண்டு இருக்கிறதாம். லப்டொப்பில் பயந்த முகம் ஒன்றைக் காட்டினாள். இதைப் பார்த்தால் எங்களுக்கு அந்தத் துண்டு துடிக்கும், அவர்களுக்கு அவ்வளவாக அசையாது என்றாள்.

"இதெல்லாம் கூடுதலா ஜெயிலில இருக்கிற ஆம்பிளையளை வச்சுச் செய்த ஆராய்ச்சி, அம்மா. பொம்பிளையளில வேற மாதிரித்தான் வெளியில வரும். எப்பிடியெண்டா..."

லேனுக்குள் மீன்காரர் கூப்பிட்டார். எழும்பிப் போய்விட்டேன். பாதி கேட்டாலே முழுதும் விளங்கிவிடும் தலை எனக்கு. கொன்வென்றில் சிஸ்டர்மார் இதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

மீனைத் தெரிந்தெடுக்கும்போதே யதுஷாவின் முகம் வந்து நின்றது. போன வருடம் தகப்பன் செத்தபோது, சவம் வைத்திருந்த மலர்ச்சாலையில் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களுக்குக் கதிரை போட்டாள். ஐயரைக் கூட்டி வந்தாள். பெட்டி தூக்க வந்தவர்களோடு சிங்களத்தில் கதைத்தாள். தாயைக் கட்டிப்பிடித்து அழுதது நான். அழுதால் நான் கொழும்புக் காலி வீதிக்கே கேட்க அழுவேன்.

பிறகு லிப்ட். கரண்ட் போய், அவளும் நானும் உள்ளே. நான் சைவக்காரி, ஆனால் லிப்ட் நின்றால் பள்ளிக்கூடத்து மாதா செபம்தான் வாயில் வருகிறது. அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டு, இண்டைக்கு என்ன சமையல், புளி எவ்வளவு விட்டனீங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இருட்டில் அகப்பட்டவள் கேட்கிற கேள்வியா?

திங்கட்கிழமை காலை, நிருஷா போனபிறகு, ரொறொன்ரோவிலிருந்து அழைப்பு. யதுஷாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் பெரியம்மாவாம். எங்கள் ஆட்கள் சாதகம் பொருந்தினாலும் அயலில் விசாரிக்காமல் கலியாணத்தை முற்றாக்க மாட்டார்கள்.

குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை என்றுதான் தொடங்கினேன். அப்படித் தொடங்கினால் எவ்வளவும் சொல்லலாம். நல்ல பிள்ளை, நல்ல வேலை, ஆனால் இரக்கமும் பயமும் கிடையாது, அமிக்டலா வேலை செய்யவில்லை என்றேன்.

"அது பரம்பரை வருத்தமோ, தங்கச்சி? பிள்ளையளுக்கும் அந்த நோய் வருமோ?"

"தகப்பன் திடீரெண்டு போனவர். மிச்சத்தை நீங்கள்தான் யோசிக்கவேணும்."

ஒரு கையில் போன், மறுகையில் அகப்பை. தேங்காய்ப்பால் சொதியைத் திரையாமல் இறக்கிவைத்தேன்.

பின்னேரம் நிருஷா சந்தோஷமாக வந்தாள். பேச்சின் முடிவுதான் எல்லாருக்கும் பிடித்ததாம். நான் கேட்காமல் போன முடிவு.

"இந்த மாதிரிப் பொம்பிளையள் கை நீட்டுறது குறைவாம், அம்மா. கதையாலதான் செய்வினம். ஒருத்தியின்ர பேரைக் கெடுத்துப்போட்டு, ஒண்டும் நடக்காத மாதிரித் தங்கட வேலையைப் பார்ப்பினம். ஆனா இதை வச்சுக்கொண்டு பக்கத்து வீட்டாருக்கு நாங்கள் வருத்தம் கண்டுபிடிக்கக்கூடாது எண்டும் சொன்னனான்."

நான் சொதிச் சட்டியைப் பார்த்தேன்.

கதவு தட்டுப்பட்டது. யதுஷா.

"அன்ரி, கனடாவில இருந்து ஆரும் கோல் எடுத்தவையோ? அயலில ஆரிட்ட விசாரிக்கலாம் எண்டு கேட்டவை. நான்தான் உங்கட நம்பரைக் குடுத்தனான்."

கட்டடத்தில் இத்தனை பேர் இருக்க ஏன் என்னுடையதை என்று கேட்டேன்.

"நான் அழுதா அம்மா விழுந்திடுவா எண்டு அண்டைக்கு அடக்கிக்கொண்டு நிண்டனான். நீங்கள் எனக்கும் சேர்த்து அழுத மாதிரி இருந்தது." கையிலிருந்த போனைப் பார்த்தாள். "காலமையில இருந்து ஒரு பதிலும் இல்லை. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு, அன்ரி."

லிப்டில் என் கையைப் பிடித்த கை தெப்பமாக வேர்த்திருந்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். நிருஷா படத்தில் காட்டிய அதே பயந்த முகம். என் தலைக்குள் எங்கேயோ, பாதாம் பருப்பு அளவில், ஏதோ துடித்தது.

அறைக்குள் போய்க் கதைத்திருக்கலாம். போகவில்லை. இருவரும் பார்த்துக்கொண்டு நிற்க, அங்கேயே நின்று ரொறொன்ரோவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, காலமை சொன்ன வருத்தம் அந்தப் பிள்ளைக்கு இல்லை. எனக்கு."