பொம்மை ரயில் கடைக்கு ஒரு பொன்னாடை

"மரியாதை கிலோ என்ன விலைன்னு கேக்குற ஆளு அந்த பாய். இருந்தாலும் நாம செய்ய வேண்டியதைச் செஞ்சிடணும்" என்றார் அன்பரசன், கையில் சால்வையோடு.

அன்பரசன், குவைத் தமிழ் மாடல் ரயில் ரசிகர் மன்றத்தின் தலைவர். நிஜ ரயிலே ஓடாத நாட்டில் பொம்மை ரயிலுக்கு ஒரு மன்றம். தலைவர், செயலாளர், பொருளாளர், பேனர் எல்லாம் உண்டு.

ஃபர்வானியாவில் சலூனுக்கும் கார்கோ ஆபீசுக்கும் நடுவே இருக்கிறது சாதிக் பாட்ஷாவின் மாடல் ரயில் கடை. இன்று அதற்குக் கடைசி நாள். பாராட்டு விழா எடுக்க மன்றமே திரண்டு கிளம்பிவிட்டது. பாட்ஷாவிடம் யாரும் கேட்கவில்லை. பாராட்டுவதற்கு அனுமதி எதற்கு?

மன்றத்துக்கு அவர் மேல் பழைய கோபம் ஒன்று உண்டு.

வெள்ளிக்கிழமை தோறும் மன்றத்தினர் அவர் கடைக்குப் போவார்கள். எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். பெட்டிகளைக் கோர்த்துப் பார்ப்பார்கள். பாட்ஷா கொடுக்கும் டீயைக் குடிப்பார்கள். பிறகு மாடல் நம்பரை போட்டோ எடுத்துக்கொண்டு, கடை வாசலிலேயே நின்று போனில் ஆர்டர் போடுவார்கள். ஆன்லைனில் மலிவு. இதில் என்ன தப்பு?

அதற்கு அந்த மனிதர் செய்த காரியம் இருக்கிறதே! 'போட்டோ எடுக்காதே' என்று எழுதி ஒட்டிவிட்டார். அரபு நாட்டில், தமிழில் மட்டும். டீயையும் நிறுத்திவிட்டார்.

மன்றம் உள்ளே நுழைந்தபோது பாட்ஷா மிச்சச் சரக்கை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மனைவி சித்தி மரியம் டேப் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி அலமாரியில் இன்னும் ஒரு வரிசை எஞ்சின் பாக்கி. நடுவில் ஓர் இடம் மட்டும் காலி.

"என்ன கூட்டம்? போட்டோ எடுக்கவா?" என்றார் பாட்ஷா.

"இன்னைக்கு உங்களைத்தான் எடுக்கப் போறோம் பாய். சால்வை போர்த்தப் போறோம்."

"இந்த வெயில்ல சால்வையா? அதுக்கு ஆளுக்கொரு எஞ்சின் வாங்கிட்டுப் போங்களேன். சரக்கு நகர்ந்தா கடையை இன்னும் கொஞ்ச நாள் தொறந்து வைப்பேன். இல்லேன்னா கலாஸ், முடிஞ்சுது கதை."

சிலர் போனை எடுத்துப் பார்த்தார்கள். பொருளாளர் பேனரை நேராக்கினார். அது நேராகத்தான் இருந்தது.

"பாராட்ட வந்த இடத்துலயும் வியாபாரம் பேசுறார் பாருங்க" என்று செயலாளர் உமாராணி தலைவர் காதில் முணுமுணுத்தார்.

அன்பரசன் தொண்டையைக் கனைத்தார். "நண்பர்களே, இது கடை இல்லை. கோயில்!"

"கோயில்னா உண்டியல்ல எதாச்சும் விழுமே தம்பி" என்றார் பாட்ஷா.

அவசரமாகச் சால்வையைப் போர்த்தி அவர் வாயை அடைத்தார்கள். அடுத்தது நினைவுப் பரிசு. ஜிகினாத்தாளைப் பிரித்தார் பாட்ஷா. உள்ளே சிவப்பு நிறத்தில் ஒரு ரயில் எஞ்சின்.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தார். எட்டிப் பார்த்த சித்தி மரியம், "என்னங்க, இது..." என்று ஆரம்பித்தார்.

"நீ டேப்பை வெட்டு" என்றார் பாட்ஷா.

பொண்டாட்டிக்கே இந்த மரியாதைதான் என்று உமாராணி உதட்டைப் பிதுக்கினார்.

"எங்க வாங்குனீங்க தம்பி?"

அன்பரசன் ஒரு நொடி நெளிந்தார். பிறகு நிமிர்ந்துவிட்டார். "ஆன்லைன்லதான் பாய். இதுல ஒளிவுமறைவு எதுக்கு? ருமைஸா டிரேடர்ஸ்னு யாரோ. கடைக்காரன்னா அப்படி இருக்கணும்! பெட்டிக்குள்ள ரெண்டு மிட்டாய் வேற வச்சு அனுப்பியிருந்தான். முகம் தெரியாத ஆளுக்கு மிட்டாய்! நீங்க எங்களுக்கு டீயை நிறுத்துனீங்க. கோவிச்சுக்காதீங்க, வாடிக்கையாளரை மதிக்கத் தெரிஞ்சிருந்தா உங்க கடையும் நின்னிருக்கும்."

பாட்ஷா இப்போது வெடிப்பார் என்று எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள்.

"மிட்டாய் நல்லா இருந்துச்சா?" என்றார் அவர்.

"பிரமாதம்."

"நல்லது. போட்டோ எடுங்க."

எடுத்தார்கள். பாட்ஷா அதில் சிரித்துக்கூட வைத்தார். வாசலுக்கு வருவதற்குள் படம் வாட்ஸ்அப் குழுவில் ஏறிவிட்டது. 'சிடுமூஞ்சியையும் சிரிக்க வைத்த மன்றம்!'

"கடைசி நாள்லயாவது நாலு நல்ல வார்த்தை சொல்லித் திருத்திட்டோம்" என்றார் அன்பரசன் திருப்தியாக.

கடைக்குள் பாட்ஷா அந்தச் சிவப்பு எஞ்சினை அலமாரியில் காலியாக இருந்த இடத்தில் வைத்தார். அதன் பழைய இடம்தான். அச்சாகப் பொருந்தியது.

சித்தி மரியத்துக்கு ஆறவில்லை.

"ஆன்லைன்ல நமக்கு வந்ததே இந்த ஒரு ஆர்டர்தான். இதை நம்பி, கடையை மூடவே மாட்டேன்னு குதிச்சீங்க. மிட்டாயையும் நீங்களே ஓடிப்போய் வாங்கிட்டு வந்து வச்சீங்க. ருமைஸா நம்ம மக பேருதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த ஆளு மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சிருப்பார்?"

பாட்ஷா சால்வையை மடித்துக்கொண்டே சொன்னார்.

"எப்படிச் சொல்றது? நமக்கு இருந்த ஒரே கஸ்டமராச்சே. மரியாதை கொடுக்க வேணாமா?"