மேடத்தின் அப்பாயின்ட்மென்ட்

எழுந்தேன். பால் காய்ச்சினேன். பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைத்தேன். சட்டையைப் போட்டு, கழற்றி, நேரே திருப்பிப் போட்டேன்.

போன் அடித்தது.

"சார், மேடத்துக்கு இன்னைக்கு எல்.இ.டி. லைட் கன்சல்டேஷன் இருக்கு. வந்துருவாங்கல்ல?"

மேடம் என் மனைவி. இறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

"வந்துருவாங்க" என்றேன்.

செய்தியை எல்லோருக்கும் மச்சான்தான் சொன்னான். சொந்தக்காரர்களுக்கு, அவள் அலுவலகத்துக்கு, கேஸ் ஏஜென்சிக்குக்கூட. என் வாயால் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவன் கண்ணுக்கு இந்த ஒரு இடம் தப்பிவிட்டது போல.

அவள் வருவாள் என்று இன்னும் காத்திருக்கிற ஒரே இடம். ரத்து செய்ய மனம் வரவில்லை. கிளம்பினேன்.

முகத்துக்கு லைட் வைத்தியம் செய்கிற அந்தக் கிளினிக் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. அக்காவும் தங்கையுமாக நடத்துகிறார்கள். உள்ளே இருக்கும் தங்கையின் கன்னம் பல்பு போட்டது போல மின்னியது. வாசலில் இருக்கும் அக்காவின் கன்னம் அப்படியில்லை.

நான் பார்ப்பதை அக்கா பார்த்துவிட்டாள். "நான் சிகிச்சைக்கு முன், அவ சிகிச்சைக்குப் பின். மேடம் எங்க சார்?"

"வந்துட்டு இருக்காங்க."

தங்கை என்னை உட்கார வைத்தாள். "சரி, கேக்க வேண்டியதெல்லாம் உங்ககிட்டயே கேட்டுடறேன். அவங்க வந்ததும் முகத்த மட்டும் பார்த்தாப் போதும். ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா? சில மாத்திரைக்கு லைட் ஒத்துக்காது."

"எல்லாத்தையும் நிறுத்தியாச்சு."

"வலிப்பு, ஒத்தத் தலைவலி?"

"இப்ப இல்ல."

"வெயில்ல அலைவாங்களா?"

"வெளிய வர்றதே இல்ல."

"தூக்கம்?"

"நல்லாத் தூங்கறாங்க."

"டென்ஷன்?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

தங்கை பேனாவை மூடினாள். "இவ்ளோ ஒழுங்கா இருக்கறவங்கள நான் பார்த்ததே இல்ல. கொடுத்து வச்சவர் சார் நீங்க."

"ஆமாங்க."

ஒரு முகமூடியை எடுத்துக் காட்டினாள். வெள்ளைப் பிளாஸ்டிக். உட்புறம் முழுக்கக் குட்டிக் குட்டி விளக்குகள். சிவப்பு சுருக்கத்துக்கு, நீலம் பருவுக்கு. சுடாது. வலிக்காது. கண்ணுக்குத் தனியாக மூடி உண்டு.

"ஆனா ஒரே நாள்ல மாறாது. விடாம வரணும். அவசரப்படக் கூடாதுன்னு மேடத்துகிட்டச் சொல்லிடுங்க."

"அவங்களுக்கு அவசரமில்ல."

"சரி, மேடத்துக்கு முகத்துல என்னதான் பிரச்சனை?"

காலையிலிருந்து நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தில் எது அவளை உறுத்தியது? எனக்குத் தெரியாமல் போனது எது?

போனில் அவள் படத்தைக் காட்டினேன். தங்கை பெரிதாக்கினாள். இந்தக் கன்னம், அந்தக் கன்னம், நெற்றி. கடைசியில் அவளே தோற்றுப்போனாள்.

"அக்கா, இங்க வாயேன். இந்த முகத்துல நான் என்னத்தப் பண்றது?"

அக்கா வந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அடடே, இவங்களா! நேர்ல வந்துதான் பதிஞ்சுட்டுப் போனாங்க. பேருதான்டி இவங்க பேரு. வைத்தியம் இவருக்கு. 'எங்க வீட்டுக்காரர் நெத்தி பூரா பரு. அவருக்குன்னு சொன்னா வாசலத் தாண்ட மாட்டார். எனக்குத் துணைக்குன்னு இழுத்துட்டு வரேன், வந்ததும் புடிச்சு உக்கார வச்சிருங்க'ன்னு ஒரே சிரிப்பு."

இருவரும் என் நெற்றியைப் பார்த்தார்கள். டிவி பார்ப்பது போல.

"அப்ப ஆளு வந்தாச்சு" என்றாள் தங்கை. "மேடம் வரணும்னே இல்ல."

ஆக, இங்கேயும் அவளை யாரும் எதிர்பார்க்கவில்லை.

எழுந்து போயிருக்கலாம். தோன்றவில்லை.

தங்கை மறுபடி பேனாவைத் திறந்தாள். மாத்திரை? இல்லை. வலிப்பு? இல்லை. தூக்கம்? இல்லை. டென்ஷன்? கொஞ்சம் யோசித்தேன். அதற்குள் அவளே ஏதோ எழுதிக்கொண்டாள்.

"மேடம் அளவுக்கு நீங்க ஒழுங்கில்ல சார்."

சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தாள். என் கண்ணுக்கு மூடி வைத்தாள். முகமூடியைப் பொருத்தினாள். வாய்க்கு மட்டும் ஒரு துளை.

"சும்மா கொஞ்ச நேரம் போட்டுக் காட்டறேன்."

மூடிய கண்ணுக்குள் மங்கலாக நீலம் வந்தது.

அக்காவின் குரல் பக்கத்தில் கேட்டது. "பலே ஆளுதான் உங்க வீட்டம்மா. கீழ டயர் கடைகிட்ட ஒளிஞ்சு நிக்கறாங்களா?"

"இல்லங்க. இறந்துட்டாங்க."

பிளாஸ்டிக்குக்குள் என் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. அதனால்தான் சொல்ல முடிந்திருக்க வேண்டும்.

யாரும் விளக்கை அணைக்கவில்லை. கீழே ஏதோ ஒரு டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

காற்றடிக்கிற சத்தம் நின்றதும் அக்கா கேட்டாள். "கடைசியா ஏதாவது சொன்னாங்களா தம்பி?"

சார் போய் தம்பி வந்திருந்தது.

எல்லோரும் கேட்பதுதான். அதற்கும் மச்சான் ஒரு வாக்கியம் செய்து வைத்திருக்கிறான். எல்லோரையும் நல்லாப் பார்த்துக்கச் சொன்னாளாம். மாமியார் அதைச் சொல்லிச் சொல்லி அழுகிறார். நான் மறுத்ததில்லை.

அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போக ஆள் வந்து நின்றபோது, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"போயி மூஞ்சியக் கழுவிட்டு வாப்பா. இவங்க பாட்டுக்கு உன்னத் தூக்கிட்டு உள்ள போயிடப் போறாங்க."