திரைக்கு இந்தப் பக்கம்

கணவரின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். காலையில் இருந்ததைவிட இறுகியிருந்தது.

முதுகெலும்பு ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. கால் விரல்களை அசைக்கச் சொன்னார்கள், அசைத்தார். அன்றைக்கு அவள் வார்டு முழுக்க மிட்டாய் கொடுத்தாள்.

அதன் பிறகுதான் குடல் நின்றது. அரசு பஸ் டிரைவரின் குடல் அல்லவா, சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டிரைக்கில் இறங்கிவிட்டது.

பிறகு கண்கள் மஞ்சளாயின. கல்லீரலும் கெட்டுவருகிறது என்றார் பெரிய டாக்டர். காற்றுப் பிரிந்துவிட்டால் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம். சாயங்காலத்துக்குள் பிரியாவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டும். இந்தக் கல்லீரலை வைத்துக்கொண்டு இன்னொரு மயக்க மருந்தைத் தாங்குவாரா, தெரியாது.

ஆக, எல்லாம் ஒரு குசுவில் வந்து நின்றது.

ஊரே மூக்கைப் பொத்துகிற ஒன்றுக்காக அவள் இருக்கிற தெய்வத்துக்கெல்லாம் நேர்ந்துகொண்டாள்.

நர்ஸ் வரும்போதெல்லாம் அவளிடம் கேட்டாள். "காத்துப் பிரிஞ்சுச்சாக்கா?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் அப்படித்தான். பேத்தி பிறந்தாயிற்று, இன்றுவரை அவள் எதிரில் ஓர் ஏப்பம்கூட விட்டதில்லை. வயிறு லேசாகப் பொருமினாலும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். துரை கிளம்பிட்டாக என்று அவள் கேலி செய்வாள்.

இப்போது எங்கே போவார்?

முதுகில் தையல். மூக்கில் குழாய். கட்டிலை ஒட்டி அவள்.

சட்டென்று உறைத்தது. நான்தான் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் காதருகே குனிந்தாள். "நான் வெளிய நிக்கிறேன். வெக்கப்படாம விடுங்க."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இறுக்கமான பிடி.

அவள் விரல் விரலாக விலக்கி எடுத்தாள்.

திரையை இழுத்துவிட்டு இந்தப் பக்கம் நின்றாள். பக்கத்துக் கட்டில்காரர் செல்போனில் பாட்டு வைத்திருந்தார். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு கேட்டது.

நீளமாக, நிதானமாக, யாருக்கும் கூசாமல்.

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. உடனே போய் நின்றால் மனுஷன் குன்றிப்போவார்.

நர்ஸிடம் ஓடினாள். "பிரிஞ்சிருச்சு!"

நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்து திரையை விலக்கினாள்.

சிரிப்பு நின்றது.

அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கழுத்தில் விரலை வைத்தாள்.

"சத்தமாக் கேட்டுறாதீகம்மா," என்று பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள் அவள். "கூச்சப்படுவாக."