பட்ட மருது

ஏரிக்கரையில் இடி விழுந்து பட்டுப்போன மருதமரம் நின்றது. அதனடியில் குழாய் இறக்கி, நிலத்தடி நீர்மட்டத்தை அளக்கும் சென்சாரைத் தொங்கவிட்டிருந்தாள் ஆய்வாளர் ஜமீலா. கட்டைவிரல் பருமன்தான். ஆனால் மயிரிழை அளவு நீர் இறங்கினாலும் அதன் கண்ணுக்குத் தப்பாது. கோடை முழுக்க லேப்டாப் திரையில் நேராகக் கிடந்த நீர்மட்டக் கோடு, இந்த வாரம் வெயில் ஏறும்போதெல்லாம் சரிந்தது; அந்தி சாய்ந்ததும் நின்றது. பக்கத்தில் கிணறில்லை, மோட்டாரில்லை. சென்சார்தான் கெட்டுவிட்டது என்று வேறொன்றை மாற்றினாள். அதுவும் அதே சரிவை அப்படியே வரைந்தது.

மரம் வெட்ட வந்த செங்கோடன் அறுப்பு மெஷினின் கயிற்றை இழுத்து ஓடவிட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஓடிப்போய் மறித்தாள்.

"நிறுத்துங்கண்ணா! மரம் தண்ணி குடிக்குது!"

"பட்ட மரமுங்க அம்மணி. ஒரு இலையாவது இருக்குதா?"

லேப்டாப்பை அவர் முன் நீட்டினாள். திரையில் கோடு எறும்பு ஊர்வதுபோல இறங்கிக்கொண்டிருந்தது. செங்கோடன் அதையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மெஷினை அணைத்தார்.

"தண்ணி குடிக்கறப்ப வெட்டலாமுங்களா? குடிச்சு முடிக்கட்டுமுங்க."

தலைத்துண்டை உதறி விரித்து, இலையில்லாத அந்த மரத்தின் நிழலில் காத்திருக்க உட்கார்ந்தார்.